மார்புக் கட்டி வரிசையில் ஓர் ஆண்

எனக்கு இருபத்தாறு வயதில் மார்பில் அறுவை நடந்தது. இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் இதயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதயம் இல்லை. பெண்களுக்கு இருப்பதுபோல் எனக்கு மார்பு வளர்ந்திருந்தது, அதைக் குறைத்தார்கள். ஆண்களுக்கு இப்படி வரும் என்பதும், வந்தால் வைத்தியம் உண்டு என்பதும் அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பத்து வருஷம் முன்னாடியே நிமிர்ந்து நடந்திருப்பேன். இதைப் படிக்கிற யாராவது ஒருவன் அந்தப் பத்து வருஷத்தை மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பெயர் ஏழுமலை. மின்வாரியத்தில் ஹெல்பர். ஊர் கள்ளக்குறிச்சிக்குப் பக்கம். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் கரும்பு. எங்கள் செக்‌ஷன் ஆபீஸ் கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்தது. கம்பம் நடுவதும் கம்பி இழுப்பதும் அறுந்ததைச் சேர்ப்பதும் வேலை. மலையேறிப் போனால் இரண்டு மூன்று நாள் அங்கேயே தங்கிவிடுவோம். ஓடையைக் கண்டதும் மற்றவர்கள் சட்டையைக் கழற்றிப் பாறைமேல் போட்டுவிட்டுக் குதிப்பார்கள். நான் கரையில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காவல் இருப்பேன். "ஏழுமலைக்குத் தண்ணின்னா பயம்" என்று அவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். நானும் மறுத்ததில்லை.

மீசை அரும்பும் வயதில் ஆரம்பித்தது. தானாக வாடிவிடும் என்று காத்திருந்தேன், வாடவில்லை. நான் ஒல்லி. அதனால் இன்னும் எடுப்பாகத் தெரியும். பழைய வேட்டியைக் கிழித்து மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவேன். அதன்மேல் இரண்டு பனியன், அதன்மேல் சட்டை. சித்திரை வெயிலிலும் அதுதான். துணிக்கு அடியில் வேர்த்து வேர்த்துத் தோல் வெந்துபோகும். தோளைக் குறுக்கியே நடந்து முதுகும் வளைந்துவிட்டது. நாலு மாதம் இரவுச் சோறு சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், கன்னம்தான் ஒட்டியது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒருவன் விற்ற களிம்பைத் தடவினேன், தோல் கறுத்தது. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தட்டிக் கழித்தேன். மாப்பிள்ளைக்கு நலங்கு வைக்கும்போது உடம்பில் சட்டை இருக்காது, அது ஒன்றுதான் காரணம். வீட்டில் யாருக்கும் தெரியாது. மலையில் எந்தப் பெண்ணையோ பார்த்து வைத்திருக்கிறான் என்று அப்பா நினைத்தார்.

இட ஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் சாலைக்கு வந்த வருஷங்கள் அவை. எங்கள் பக்கத்தில் சாலையோரப் புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். விழுந்த மரம் கம்பியையும் இழுத்துக்கொண்டு விழும். ஊர் ஊராக இருட்டாகிவிடும். யார் பக்கம் நியாயம் என்று எங்கள் செக்‌ஷனிலேயே இரண்டு பேச்சு இருந்தது. ஆனால் இரண்டு பேச்சுப் பேசினவர்களும் ஒரே ஏணியைத்தான் தூக்கினோம். ஒரு நாளைக்கு எட்டுப் பத்துக் கம்பம் ஏறினேன். கம்பத்தைக் கட்டிப்பிடித்து ஏறும்போது மார்பு அதில் உரசும். நாலாம் நாள் இடது பக்கம் கெட்டியாகி, தொட்டால் உயிர் போகிற மாதிரி வலித்தது. அடியில் ஏதோ உருளுவதுபோல் இருந்தது. புற்றுநோய் என்று முடிவு பண்ணிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம் சின்னசேலம் பக்கம் வேலை. அக்கா அஞ்சலையை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். கைக்குழந்தையை என்னிடம் தூக்கிக் கொடுத்தாள். அது ஒரு உதை உதைத்தது. நான் கத்திவிட்டேன், குழந்தையைக் கீழே விடப்போனேன்.

"இன்னாடா ஆச்சி?" என்றாள்.

"ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லாமதான் அப்பிடி கத்தினியா? சட்டயக் கழட்டு."

"வாணாங்க்கா."

அவள் கதவைச் சாத்தினாள். குழந்தையைப் பாயில் போட்டுவிட்டு வந்து, அவளே பித்தானைக் கழற்றினாள். நான் தடுக்கவில்லை, அலுத்துப்போயிருந்தது. முதலில் அந்தக் கட்டுத்துணியைத்தான் பார்த்தாள். முடிச்சை அவிழ்த்தாள். அதற்கு அடியில் வெந்து கிடந்த தோலைப் பார்த்ததும் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எத்தினி வருஷமாடா இத கட்டிக்கினு கீற?"

"பத்து இருக்கும்."

"எங்கிட்டகூட சொல்லத் தோணலியா?"

"எப்பிடிக்கா சொல்றது?" என்றேன். அவிழ்த்த துணியைச் சுருட்டிக்கொண்டே, "மாமாவுக்கு மட்டும் தெரிய வாணாம்" என்றேன்.

அக்கா புருஷன் கலியபெருமாள் மாமாவுக்கு ஸ்டேஷன் ரோட்டில் சைக்கிள் கடை. நல்ல மனிதர். ஆனால் அவர் காதில் விழுந்த சேதி பஞ்சர் ஒட்டி முடிவதற்குள் ஊருக்குப் போய்விடும். எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பார். அவருக்குத் தெரிந்தால் நான் ஊரைவிட்டே போகவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா என்னைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு இருந்தது பெண் டாக்டர். திரும்பிப் போகலாம் என்றேன். அக்கா கையை விடவில்லை. அந்த அம்மா என்னை நிமிர்ந்துகூட அதிகம் பார்க்கவில்லை, மார்பைத்தான் பார்த்தார். இரண்டு விரலால் அழுத்திச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்த்தார். குடிப்பேனா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறேனா, காமாலை வந்ததா என்று கேட்டார். களிம்பைப் பற்றிச் சொன்னேன். "அதைத் தூக்கிப் போடு முதல்ல" என்றார்.

"பால் சுரப்பி ஆம்பளைக்கும் உண்டு. வயசுக்கு வர்றப்ப சிலருக்கு அது வீங்கும். நெறைய பேருக்குத் தானா அடங்கிடும். உனக்கு அடங்கல. பட்டினி கெடந்தா கொழுப்புதான் கரையும், சுரப்பி கரையாது. நீ செஞ்ச தப்பு ஒண்ணும் இல்ல."

கடைசி வார்த்தைக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஆனால் இடது பக்கத்துக் கெட்டியை மட்டும் சோதிக்கவேண்டும் என்றார். ஆண்களுக்கும் அபூர்வமாக மார்பில் புற்று வரும், அது இல்லை என்று உறுதி செய்துகொள்வது நல்லது என்று சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

போகவேண்டிய நாளில் பஸ் ஓடவில்லை. மறுபடியும் மறியல். சின்னசேலத்திலிருந்து ரயில் மட்டும் இருந்தது. அக்காவின் குழந்தைக்குக் காய்ச்சல். வார்டில் சேர்த்தால் ஆண்கள் பக்கம் துணைக்குப் பெண்களை விடமாட்டார்கள் என்று வேறு சொல்லியிருந்தார்கள். ஸ்டேஷனில் நான் நின்றிருந்தபோது, கையில் தூக்குவாளியும் துணிப்பையுமாக மாமா வந்து நின்றார்.

"அக்கா எல்லாம் சொல்லிட்டா மச்சான்" என்றார்.

தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிப்பதற்காகக் காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஜன்னல் பக்கமா நீ குந்து" என்றார். சேலம் போய்ச் சேரும்வரை ரயில் புகையைப் பற்றியும் ஆத்தூர் வெற்றிலையைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். என் பக்கம் ஒரு வார்த்தைகூடத் திரும்பவில்லை. அவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்த ஊழியர் ஒரு பெஞ்சைக் காட்டினார். மார்புக் கட்டிக்குப் பார்க்கிற இடம். பெஞ்சு முழுக்கப் பெண்கள். மாமா வெளியே வராந்தாவிலேயே நின்றுகொண்டார். நான் சுவரோரமாக நின்றேன். ஆத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் நகர்ந்து இடம் விட்டார்.

"குந்துப்பா. சம்சாரத்துக்கா வந்திருக்க?"

"ஆமாங்க" என்றேன்.

தனக்குக் கட்டி வந்த கதையை அவர் சொன்னார். பயமாக இருக்கிறது என்றும், பேரப்பிள்ளைகளிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு வந்ததாகவும் சொன்னார். நடுவில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது தரம் கூப்பிட்டதும் எழுந்தேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். எல்லாம் புரிந்திருக்கவேண்டும். "பையக் குடுத்துட்டுப் போ, நான் பாத்துக்கறேன்" என்று என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது அப்படியே வைத்திருந்தார்.

பஸ் இல்லாத நாளில் போய் வருவது கஷ்டம் என்று சர்ஜன் அன்றைக்கே வார்டில் சேர்த்துவிட்டார். ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே. அப்புறம் மெல்லிய ஊசியை அந்தக் கெட்டியில் குத்தி, உறிஞ்சி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவினார்கள். எறும்புக்கடி அளவுக்குத்தான் வலி. ஐந்தாம் நாள் முடிவு வந்தது: கெட்டதாக ஒன்றும் தெரியவில்லை.

"ஆனா ஊசியில வர்றது ஒரு துளிதான். ஆபரேஷன்ல எடுக்கறத முழுசா சோதிச்சாத்தான் கடைசி முடிவு" என்றார் சர்ஜன். பிறகு ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். காம்பைச் சுற்றியிருக்கும் கருவட்டத்தின் கீழ் விளிம்பில் பிறை மாதிரி ஒரு வெட்டு. அது வழியாகச் சுரப்பியை எடுப்பார்கள். தழும்பு அந்த விளிம்போடு சேர்ந்துவிடும். முழுதும் எடுத்தால் அந்த இடம் குழிந்துவிடும். அதனால் காம்புக்கு அடியில் கொஞ்சம் விட்டுவைப்பார்கள். காம்பில் கொஞ்ச காலம் உணர்ச்சி இருக்காது; சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். உள்ளே ரத்தம் கட்டலாம். இரண்டு பக்கமும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருக்காது. இத்தனையும் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துக் கேட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. களிம்பு விற்றவன் எதையும் சொல்லவில்லை.

பீடியை அன்றைக்கே விடச் சொன்னார். புகை பிடித்தால் புண் ஆற நாளாகுமாம். எனக்காக மாமாவும் விட்டார். வார்டு வாசலில் தீப்பெட்டியை வெறுமனே உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அறுவையன்று காலையில் வெறும் வயிறு. மேஜையில் படுத்ததும் மேலே இருந்த விளக்குகளை எண்ணினேன். ஆறா ஏழா என்று முடிவு பண்ணுவதற்குள் மயக்கம் வந்துவிட்டது. கண் விழித்தபோது மார்பு முழுக்க இறுகக் கட்டியிருந்தது. நான் எனக்குப் போட்டுக்கொண்டிருந்த கட்டுப் போலவே இருந்தது. ஆனால் இந்தக் கட்டுக்கு ஒரு முடிவு நாள் உண்டு என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் மெல்லிய ரப்பர் குழாய் தொங்கியது. உள்ளே ஊறும் ரத்தநீர் வெளியே வர அது. மல்லாந்துதான் படுக்கவேண்டும், கையைத் தோளுக்குமேல் தூக்கக்கூடாது என்றார்கள். மாமா கரண்டியால் கஞ்சி ஊட்டினார்; மீசையில் வழிந்ததைத் துடைத்தும் விட்டார்.

ராத்திரியே இடது பக்கம் வலிக்க ஆரம்பித்து, மறுநாள் வீங்கி விண்விண்ணென்று தெறித்தது. பயந்துவிட்டேன். இதைத்தான் ரத்தம் கட்டலாம் என்று சொன்னேன் என்றார் சர்ஜன். இரண்டு தையலைப் பிரித்து, கட்டியிருந்த ரத்தத்தைப் பிதுக்கி எடுத்தார். அறுவையைவிட அதுதான் வலித்தது. மாமா என் கால்களைப் பிடித்துக்கொண்டார். "பல்லக் கடிச்சிக்கோ மச்சான், ஆயிடிச்சி, ஆயிடிச்சி" என்று சொல்லிக்கொண்டே அழுதார். இப்படி ஆனால் மறைக்காமல் உடனே சொல்லிவிடவேண்டும். ராத்திரியே நர்ஸிடம் சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அதற்குள் வார்டில் நான் பெரிய ஆள் ஆகியிருந்தேன். காரணம் பிறகுதான் தெரிந்தது. எனக்கு என்ன என்று கேட்டவர்களிடம் எல்லாம் மாமா, மறியல் நேரத்தில் ஊருக்கு விளக்குக் கொடுக்க ஏறியபோது கரண்ட் அடித்து நெஞ்சு வெந்துவிட்டது என்று சொல்லிவைத்திருக்கிறார். வருகிறவர்கள் எனக்கு ஆரஞ்சு கொடுத்தார்கள். எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் என் காலைத் தொட்டே கும்பிட்டுவிட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல அதைவிடக் கூச்சம்.

அடுத்த கட்டிலில் கோவிந்தசாமி என்று ஒரு பெரியவர். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டுகிறவர். விரையில் நீர் கோத்து வீங்கியிருந்தது. ஊரில் ஓதம் என்பார்கள். மாடு பூட்டி வண்டியில் உட்காரவே முடியாத நிலை. மறுநாள் அவருக்கு அறுவை. அன்று மத்தியானம் பார்த்தால் துணிகளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றேன்.

"வூட்டுக்குதான். நர்ஸம்மாங்க முன்னாடி வேட்டிய அவுக்கணுமாம். எனக்கு இன்னா வயசுடா? அந்த மானங்கெட்ட பொழப்புக்கு இத வச்சிக்கினே செத்துப் போவலாம். ஒனக்கின்னாப்பா, கரண்டு அடிச்சவன். நெஞ்ச நிமித்திக்கினு காட்டுவ."

நான் எழுந்து உட்கார்ந்தேன். மேலே போர்த்தியிருந்த துண்டை எடுத்தேன். "எனக்குக் கரண்ட் அடிக்கலீங்க" என்றேன். இருப்பதை இருப்பதுபோல் சொன்னேன். பத்து வருஷக் கட்டுத்துணியைச் சொன்னேன். பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்ததையும், பெண் டாக்டர் தடவிப் பார்த்ததையும் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. வார்டில் மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது பாதியில்தான் உறைத்தது. அதற்குமேல் நிறுத்துவதிலும் அர்த்தம் இல்லை.

பெரியவர் என் கட்டைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"அப்ப நீ சொன்னது?"

"கரண்டுன்னா கேக்கறவங்களுக்கும் ஒரு மரியாதயா இருக்கும்னு சொன்னன்" என்றார் மாமா, தலையைச் சொறிந்துகொண்டு.

பெரியவர் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. பையிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கட்டிலில் வைத்தார். "ஆரஞ்சு வாங்கித் தின்னியே, அத திருப்பிக் குடுத்துடு" என்றார். மறுநாள் அவருக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. ஆரஞ்சும் நிற்கவில்லை.

குழாயை எடுத்தார்கள், ஏழாம் நாளுக்குமேல் தையல் பிரித்தார்கள். கண்ணாடி கேட்டேன். வார்டில் இல்லை. மாமா எங்கேயோ போய் சவரக் கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கிவந்து பிடித்தார். நீலம் பாரித்து, வீங்கி, பார்க்க நன்றாகவே இல்லை. இடது பக்கம் கொஞ்சம் பள்ளம். ஆனால் தட்டையாக இருந்தது. "வீக்கம் வடிய மாசக்கணக்காகும், இன்னைக்கே பார்த்து முடிவு பண்ணாதே" என்றார் சர்ஜன். அவர் சொன்னபடியே ஆயிற்று. நாலாம் மாதம்தான் உருவம் தெளிந்தது. வலது பக்கம் உணர்ச்சி திரும்பிவிட்டது. இடது பக்கம் இன்றைக்கும் கொஞ்சம் மரமரப்புதான். அதனால் ஒரு குறையும் இல்லை.

ஆறு வாரம் கம்பம் ஏறக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆபீசில் என்னைப் புகார் நோட்டு எழுத உட்காரவைத்தார்கள். நிமிர்ந்து உட்காரப் பழகுவதுதான் கஷ்டமாக இருந்தது. தோள் தானாகக் குறுகும், நானாக விரிப்பேன். சதைச் சோதனையின் கடைசி முடிவு மட்டும் வரவில்லை. சாலைகள் திறந்துவிட்டன, பஸ்ஸும் ஓட ஆரம்பித்தது. அந்தக் காகிதம் மட்டும் சேலத்திலேயே இருந்தது. மனசு பகலெல்லாம் சும்மா இருக்கும்; சோற்றில் கை வைக்கும்போது மட்டும் அந்த நினைப்பு வந்துவிடும். மாமா கடையைச் சாத்திவிட்டு, தானே போய் வாங்கிவருவதாகக் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் நான் சின்னசேலத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். ரயில் வந்து போன சத்தம் கேட்டது. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஐந்து நிமிஷம். அரை மணி ஆகியும் மாமா வரவில்லை. அக்கா வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கடைசியில் வந்தார். படி ஏறாமல் வாசலிலேயே நின்றார். முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார்.

"இன்னாங்க?" என்றாள் அக்கா.

"தப்புப் பண்ணிட்டன் அஞ்சல" என்றார். "கவர ஒட்டிக் குடுத்துட்டாங்க. பிரிச்சன், எல்லாம் இங்கிலீசு. ஆத்தூரு வரிக்கும் பொறுத்துக்கினு வந்தன். அதுக்கு மேல முடியல. டிக்கெட் பாக்கறவரு வந்தாரு. சார், இத கொஞ்சம் படிச்சிச் சொல்லுங்கன்னு குடுத்துட்டன். மெதுவாப் படிப்பாருன்னு பாத்தா, அந்த மனுஷனுக்கு ஒலிபெருக்கி மாதிரி தொண்ட. பேரு, வயசு, எங்க எடுத்த சத, எல்லாத்தையும் படிச்சிட்டாரு. பெட்டி பூரா நம்ம ஊரு ஜனம். சந்தைக்காரங்க, பால்காரரு, போஸ்ட் ஆபீசுக்காரரு. எறங்கினப்புறமும் வுடல, ஸ்டேஷன்லயே நிக்க வச்சி வெசாரிச்சாங்க. இத்தினி நாளு வாயக் கட்டிக்கினு இருந்து, கடசீல ஊருக்கே கேக்க வச்சிட்டன் மச்சான்."

எனக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை.

"அவங்களுக்கெல்லாம் இன்னான்னு கேட்டுது மாமா?"

அப்போதுதான் அவருக்கே நினைவு வந்ததுபோல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஒண்ணியும் இல்லன்னு."